சமுதாயக் கல்லூரியில் தொடங்கிக் குற்றவியல் நீதிப் பட்டம் பெறுவது: கலிபோர்னியாவில் படிக்கவிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் உயர்கல்வி விதிகள் வேறுபடுகின்றன. இந்தப் பக்கம் கலிபோர்னியாவை மட்டும் பற்றியது. அங்கே 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. அவற்றில் இரண்டாண்டு படித்துவிட்டு, கால் ஸ்டேட் என்று அழைக்கப்படும் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு வளாகத்தில் மீதி இரண்டாண்டைப் படித்து இளநிலைப் பட்டம் பெறுவதே இங்கே விளக்கப்படும் வழியாகும். காவல் துறை, நீதிமன்றம், சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகிய துறைகளுக்குச் செல்ல விரும்பும் மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

சமுதாயக் கல்லூரியில் தொடங்கினால் பட்டத்தின் மதிப்பு குறையுமா?

குறையாது. இளநிலைப் பட்டத்தை வழங்குவது நீங்கள் படிப்பை முடிக்கும் பல்கலைக்கழகமே. அந்தச் சான்றிதழில், முதல் இரண்டாண்டை வேறிடத்தில் படித்தவர், நான்காண்டும் அங்கேயே படித்தவர் என்ற வேறுபாடு காட்டப்படுவதில்லை. மருத்துவமோ பொறியியலோ அல்லாத ஒரு படிப்பை, அதுவும் சமுதாயக் கல்லூரியில் தொடங்கிப் படிப்பதை, நம் வீடுகளில் சிலர் ஒரு படி இறங்கிய தேர்வாகக் கருதுவதுண்டு. இந்தத் துறையின் வரலாற்றை அறிந்தால் அந்த எண்ணம் மாறும்.

காவலர்கள் படித்தவர்களாக இருக்க வேண்டும் என்ற கருத்து வேரூன்றிய இடங்களில் கலிபோர்னியா முதன்மையானது. தாம் கல்லூரிக்கே செல்லாதவரான பெர்க்லி நகரக் காவல் தலைவர் ஆகஸ்ட் வால்மர் 1908இல் தம் காவலர்களுக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1930இல் சான் ஹோசே மாநிலக் கல்லூரியில் காவல் துறைக்கான படிப்பு தொடங்கப்பட்டது. குடியரசுத் தலைவர் ஜான்சன் அமைத்த குற்றத்தடுப்பு ஆணையம், காவலர்களுக்குக் கல்லூரிக் கல்வி தேவை என்று 1967இல் பரிந்துரைத்தது. மறு ஆண்டு நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம், பணியில் இருந்த காவலர்கள் கல்லூரியில் படிக்க நிதி வழங்கியது. அவர்கள் பணி நேரம் போக மாலையில் படிக்க ஏற்ற இடமாக அருகிலிருந்த இரண்டாண்டுக் கல்லூரிகளே அமைந்தன. ஆகவே இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை சமுதாயக் கல்லூரியை மாற்று வழி என்று சொல்வதே பொருந்தாது. இத்துறை வளர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று.

கல்லூரியின் பாடப் பட்டியலில் ‘கிரிமினல் ஜஸ்டிஸ்’ என்ற பெயரைக் காணவில்லையே?

கலிபோர்னியச் சமுதாயக் கல்லூரிகளில் இந்தப் படிப்பு பெரும்பாலும் ‘அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்ற பெயரில் நடைபெறுகிறது. அந்தப் பெயரிலேயே தேடுங்கள். பல்கலைக்கழகங்களிலும் பெயர்கள் ஒன்றாக இல்லை. சாக்ரமெண்டோவிலும் ஃபுல்லர்டனிலும் கிரிமினல் ஜஸ்டிஸ், ஃபிரெஸ்னோவில் கிரிமினாலஜி, சான் ஹோசேயில் ஜஸ்டிஸ் ஸ்டடீஸ் என்று வழங்குகிறார்கள்.

சமுதாயக் கல்லூரி தரும் இரண்டாண்டு அசோசியேட் பட்டங்களில் பல வகைகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்த விடையை முழுமையாகப் படியுங்கள். பல மாணவர்களுக்கு ஓராண்டு வீணாவது இந்த இடத்தில்தான்.

ஒரே கல்லூரியில் ஒரே துறையின் கீழ் மூன்று வகைச் சான்றுகள் இருக்கலாம். ஒன்று, சில பாடங்களை மட்டும் கொண்ட தொழிற்சான்றிதழ். இரண்டாவது, அந்தக் கல்லூரி தானே வகுத்த உள்ளூர் அசோசியேட் பட்டம். மூன்றாவது, மாற்றுச் சேர்க்கைக்கென்றே, அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறிச் சேர்வதற்கென்றே, வகுக்கப்பட்ட அசோசியேட் பட்டம். இதை ஏடிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள், பட்டத்தின் பெயரில் ஏஎஸ்-டி என்ற குறி இருக்கும். பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றுவதால் மாணவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மூன்றாவதில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பது அரிதன்று. இளநிலைப் பட்டமே உங்கள் இலக்கு என்றால் தேர்ந்தெடுக்க வேண்டியது மூன்றாவதை.

2010இல் நிறைவேறிய எஸ்பி 1440 என்ற மாநிலச் சட்டம் இதை உருவாக்கியது. ஏடிடி பட்டத்தை முடித்த மாணவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் ஓரிடம் உறுதி. அது மட்டுமன்று, ஒத்த துறையில் சேரும்போது அவர் முடித்த 60 யூனிட்டுகளுக்கு (யூனிட் என்பது பாட அளவின் கணக்கு) மேல் இன்னும் 60 யூனிட்டுகளைப் படித்தால் போதும். மொத்தம் 120 யூனிட்டில் பட்டம் கிடைத்துவிடும். ‘நீ படித்த பாடத்தை நாங்கள் ஏற்பதில்லை, மறுபடி படி’ என்று பல்கலைக்கழகம் சொல்வதைத் தடுக்கும் காப்பு இது. உள்ளூர்ப் பட்டத்துக்கு இந்தக் காப்பு இல்லை.

ஆனால் ஓரிடம் உறுதி என்பதற்கு நீங்கள் விரும்பும் வளாகத்தில் இடம் உறுதி என்று பொருளில்லை. லாங் பீச், சான் டியேகோ போன்று விண்ணப்பங்கள் குவியும் வளாகங்களில் ஏடிடி மாணவருக்கு முன்னுரிமை உண்டு. ஆயினும் மதிப்பெண் போட்டி இருக்கவே செய்யும். குறைந்தபட்சத் தகுதியான 2.0 ஜிபிஏ (தரப்புள்ளிச் சராசரி) அந்த வளாகங்களுக்குப் போதும் என்று எண்ண வேண்டாம். வீட்டிலிருந்து சென்று வரக்கூடிய தொலைவில் ஒரே ஒரு வளாகம்தான் இருக்கிறது என்றால், அந்த வளாகம் உள்ளூர் மாணவர்களுக்கு என்ன சலுகை தருகிறது என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்துகொள்வது நல்லது. சமுதாயக் கல்லூரியில் முதன்முறையாகச் சேர்வோருக்கு ‘டிரான்ஸ்ஃபர் சக்சஸ் பாத்வே’ என்ற ஏற்பாடும் இப்போது இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு வளாகத்துடன் முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டு, மூன்றாண்டுக்குள் நிபந்தனைகளை நிறைவேற்றினால் அங்கே சேர இது வழிசெய்கிறது.

இரண்டாண்டில் என்னென்ன பாடங்களைப் படிக்க வேண்டியிருக்கும்?

துறைப் பாடங்கள் பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஏடிடி வரையறையின்படி 18 யூனிட், அதாவது ஆறு பாடங்களே போதுமானவை. நீதி நிர்வாக அறிமுகமும் குற்றவியல் சட்டக் கோட்பாடுகளும் கட்டாயம். குற்ற வழக்கு நடைமுறை, சாட்சியச் சட்டம், புலனாய்வு, தடய அறிவியல் அறிமுகம், சமூகமும் நீதி அமைப்பும், சிறைத் துறை அறிமுகம், இளஞ்சிறார் நீதி ஆகியவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலும் இரண்டை இதே பட்டியலிலிருந்தோ சமூகவியல், உளவியல், புள்ளியியல் போன்ற அறிமுகப் பாடங்களிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கல்லூரியில் எவை கற்பிக்கப்படுகின்றன என்பது மாறுபடும்.

மீதி இடத்தின் பெரும்பகுதியைப் பொதுக்கல்விப் பாடங்கள் எடுத்துக்கொள்கின்றன. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்வோருக்குக் கால்-ஜிஇடிசி என்ற ஒரே பொதுக்கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் 34 யூனிட்டுகள்: ஆங்கிலக் கட்டுரை, திறனாய்வுச் சிந்தனை, மேடைப்பேச்சு, கணிதம், கலையும் மனிதப் பண்பியலும், சமூக அறிவியல், ஆய்வகத்துடன் கூடிய இயற்கை அறிவியல், இனக்குழுக்கள் பற்றிய கல்வி ஆகியவை. ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேற்பட்ட தரம் வேண்டும். அதற்கு முன்பே சேர்ந்து இடைவிடாது படித்து வருபவர்கள் பழைய திட்டத்திலேயே தொடர முடியுமா என்பதைக் கல்லூரியின் கல்வி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று தழுவுகின்றன என்பதைக் கவனியுங்கள். புள்ளியியலைப் படித்தால் அது கணிதத் தேவையையும் நிறைவு செய்யும், துறைப் பட்டியலிலும் இடம்பெறும். சமூகவியல் அறிமுகமும் அவ்வாறே. இப்படி இரட்டைப் பயன் தரும் பாடங்களை முதலில் எடுத்துவிட்டால், அமெரிக்க வரலாறு, அரசமைப்பு ஆகியவை குறித்துக் கால் ஸ்டேட் கேட்கும் பாடங்களுக்கும், ஸ்பானிஷ் போன்ற ஒரு மொழிக்கும் இடம் கிடைக்கும். கலிபோர்னியாவில் மக்களோடு நேரடியாகப் பழகும் எந்த நீதித்துறைப் பணிக்கும் ஸ்பானிஷ் பெருந்துணை என்பதால் அந்த இடத்தை அதற்குத் தருவதையே நான் பரிந்துரைப்பேன்.

துறைப் பாடங்கள் சுவையாக இருப்பதால் எட்டு, ஒன்பது என்று எடுத்துக்கொண்டே போகும் மாணவர்கள் உண்டு. சமுதாயக் கல்லூரியிலிருந்து 70 யூனிட் வரைதான் பட்டக் கணக்கில் சேரும். அதற்கு மேல் படித்தது அறிவாக எஞ்சுமே தவிர, பட்டத்தை விரைவுபடுத்தாது.

ஒரு பருவத்துக்கு 12 யூனிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்ற தகுதி கிடைத்துவிடும். ஆனால் நான்கு பருவங்களில் 60ஐ எட்ட வேண்டுமானால் பருவத்துக்கு 15 தேவை. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர் இரண்டரை அல்லது மூன்று ஆண்டு எடுத்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. அதைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டுச் செய்வதுதான் முக்கியம். கூப்பர்டினோவிலுள்ள டி அன்சா போன்ற சில கல்லூரிகள் காலாண்டு முறையில் இயங்குகின்றன. அங்கே 60க்குப் பதில் 90 காலாண்டு யூனிட் என்று கணக்கிட வேண்டும்.

கணிதமும் ஆங்கிலமும் எனக்குக் கடினம். அவற்றைக் கடைசிக்கு ஒத்திவைக்கலாமா?

கூடாது. ஆங்கிலக் கட்டுரை, திறனாய்வுச் சிந்தனை, மேடைப்பேச்சு, கணிதம் ஆகிய நான்கையும் மாற்றுச் சேர்க்கைக்கு முந்தைய வசந்த காலப் பருவத்துக்குள் முடித்தாக வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சேர்க்கை கைநழுவலாம். திறனாய்வுச் சிந்தனையைப் படிக்க ஆங்கிலக் கட்டுரையை முதலில் முடித்திருக்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்தை ஒத்திவைத்தால் இரண்டும் ஒத்திப்போகும்.

ஒரு காலத்தில் தகுதித் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் பட்டத்தில் சேராத அடிப்படை வகுப்புகளில் பருவக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். 2017இல் வந்த ஏபி 705 சட்டம் அந்த நிலையை மாற்றியது. இப்போது உயர்நிலைப் பள்ளி மதிப்பெண்களின் அடிப்படையில் நேரடியாகப் பல்கலைக்கழகம் ஏற்கும் நிலை வகுப்பிலேயே சேரலாம். தேவைப்படுவோருக்குக் கூடுதல் துணைவகுப்பும் உண்டு. இத்துறை மாணவர்கள் கால்குலஸ் படிக்க வேண்டியதில்லை. குற்றப் புள்ளிவிவரங்களைப் புரிந்துகொள்ளவும் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி முறைப் பாடத்தைத் தாங்கவும் புள்ளியியல்தான் உதவும்.

ஆங்கிலத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காவலரோ நன்னடத்தை அலுவலரோ எழுதும் அறிக்கையை அரசு வழக்கறிஞர் படிக்கிறார், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிறார், நீதிபதி அதை வைத்து ஒருவருடைய விடுதலையைத் தீர்மானிக்கிறார். தெளிவில்லாத ஒரு வாக்கியம் குற்றமற்றவரைச் சிறையில் வைக்கவும் கூடும், பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்காமல் செய்யவும் கூடும். ஆகவே கட்டுரை வகுப்பை இத்துறையின் முதல் தொழிற்பயிற்சியாகவே கருதிப் படியுங்கள்.

போலீஸ் அகாடமியையும் கல்லூரியிலேயே முடித்துவிடலாமா?

சில சமுதாயக் கல்லூரிகள் அகாடமியும் நடத்துகின்றன. ஹன்டிங்டன் பீச்சிலுள்ள கோல்டன் வெஸ்ட், விட்டியரிலுள்ள ரியோ ஹோண்டோ ஆகியவை அறியப்பட்டவை. காவலர் பயிற்சிக்கு விதி வகுக்கும் மாநிலத்தின் போஸ்ட் ஆணையம் கேட்கும் அடிப்படைப் பயிற்சி குறைந்தது 664 மணிநேரம். ஆனால் அகாடமியும் பட்டப்படிப்பும் வெவ்வேறு பாதைகள். அகாடமியில் கிடைக்கும் யூனிட்டுகள் பெரும்பாலும் தொழிற்பயிற்சி வகையைச் சேர்ந்தவை. ஏடிடியின் ஆறு பாடங்களுக்கு அவை அப்படியே ஈடாகிவிடும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது. மேலும் 2021இல் நிறைவேறிய ஏபி 89 சட்டத்தின்படி காவல் அலுவலராக நியமனம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 18 வயதில் கல்லூரியில் சேரும் ஒருவர் அந்த இடைக்காலத்தில் பட்டத்தை நோக்கி நகர்வதே அறிவுடைமை. படிக்கும்போதே துறையை உள்ளிருந்து பார்க்க விரும்பினால் காவல் நிலையங்களின் கேடட் பணிகளும் 911 அழைப்பு மையப் பணிகளும் இருக்கின்றன.

பட்டத்துக்குப் பின் எந்த வேலைகளுக்குச் செல்லலாம்?

இந்தக் கேள்வியைக் கடைசியில் கேட்காமல் முதலில் கேட்க வேண்டும். எந்த வேலை என்று முடிவு செய்து, அதற்கு எந்தப் பட்டம் தேவை என்று பார்த்து, அந்தப் பட்டத்துக்கு எந்த வளாகம் என்று தேர்ந்து, அதன்பின் சமுதாயக் கல்லூரிப் பாடங்களைத் தீர்மானிப்பதே சரியான வரிசை.

காவலராகவோ மாநிலச் சிறை அலுவலராகவோ சேர்வதற்கு உயர்நிலைப் பள்ளிக் கல்வியே பொதுவான குறைந்தபட்சத் தகுதி. பட்டம் பதவி உயர்வில் உதவும். நன்னடத்தை அலுவலர் பணிக்குப் பல மாவட்டங்கள் இளநிலைப் பட்டம் கேட்கின்றன. எஃப்பிஐ சிறப்பு முகவராக இளநிலைப் பட்டமும் அமெரிக்கக் குடியுரிமையும் கட்டாயம். விண்ணப்பிக்கும்போது 23 வயது நிறைந்து, 36 வயது எட்டாதவராக இருக்க வேண்டும். அங்கே கணக்கியல், கணினி, மொழித் திறன் உடையவர்களுக்கு வரவேற்பு இருப்பதால், குற்றவியல் நீதிப் பட்டம்தான் எஃப்பிஐக்கு வாசல் என்ற எண்ணம் சரியன்று.

தடய அறிவியல் ஆய்வகத்தில் பணிபுரிய விரும்பும் மாணவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த வேலைக்கு வேதியியல், உயிரியல் போன்ற இயற்கை அறிவியல் பட்டம் தேவை. குற்றவியல் நீதிப் பட்டம் பெற்றுவிட்டு ஆய்வகக் கதவைத் தட்டினால் திறக்காது. தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து இத்துறைக்கு வருபவர்கள் முதல் பருவத்திலேயே இதைத் தெரிந்துகொண்டால் வேதியியலுக்கு மாற நேரம் இருக்கும். வழக்கறிஞராக விரும்புவோருக்கு எந்த இளநிலைப் பட்டமும் ஏற்கப்படும்.

பாதிக்கப்பட்டோருக்கு உதவும் பணி, இளஞ்சிறார் இல்லப் பணி, குற்றத் தரவுப் பகுப்பாய்வு, நீதிமன்ற நிர்வாகம் ஆகியவற்றைப் பெற்றோர் பெரும்பாலும் அறிவதில்லை. துப்பாக்கி ஏந்தாத இந்த வேலைகளும் இதே பட்டத்திலிருந்து கிளைப்பவைதான்.

எவ்வளவு செலவாகும்?

மாநிலவாசிகளுக்குச் சமுதாயக் கல்லூரிக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். கால் ஸ்டேட்டின் அடிப்படைக் கட்டணம் 2025-26 கல்வியாண்டுக்கு 6,450 டாலர். வளாகக் கட்டணங்கள் தனி, ஆண்டுதோறும் உயர்வும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டாண்டைச் சமுதாயக் கல்லூரியில் கழிப்பதால் மிச்சமாவது எவ்வளவு என்பதை இதிலிருந்தே கணக்கிடலாம். வருமானம் குறைந்த குடும்பத்தினருக்குக் கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்கிறது. முதன்முறையாகச் சேரும் முழுநேர மாணவர்களுக்கு வருமானம் பாராமல் இரண்டாண்டுக் கட்டணத்தை விலக்கும் கல்லூரிகளும் பல. 2025-26க்கான பெல் என்ற கூட்டாட்சி உதவித்தொகையின் உச்சவரம்பு 7,395 டாலர். அதைப் புத்தகத்துக்கும் போக்குவரத்துக்கும் பயன்படுத்தலாம். இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஃபாஃப்சா என்ற கூட்டாட்சி நிதியுதவி விண்ணப்பம். குடியேற்ற ஆவணங்கள் இல்லாத மாணவர்களுக்குக் கலிபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம்.

நாங்கள் விசாவில் இருக்கிறோம். என் பிள்ளை இத்துறையில் படிக்கலாமா?

படிக்கலாம்; படிப்புக்குத் தடையில்லை. கட்டணமும் வேலையும்தான் விசாவைப் பொறுத்து மாறும். எச்-1பி பணி விசாவிலும், அவர்களுடைய குடும்பத்தினருக்கான எச்-4 விசாவிலும் இருப்பவர்கள் ஓராண்டுக்கு மேல் கலிபோர்னியாவில் நிலையாக வசிப்பதை நிறுவினால் மாநிலவாசிக் கட்டணம் கோரலாம்; ஆனால் ஃபாஃப்சா உதவி அவர்களுக்குக் கிடைக்காது. எஃப்-1 மாணவர்கள் வெளிமாநிலக் கட்டணமே செலுத்த வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை, முன்பு கலிபோர்னியாவில் காவல் அலுவலராகக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், அல்லது அதற்கு விண்ணப்பித்திருக்க வேண்டும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எஸ்பி 960 சட்டம் அதை நீக்கி, கூட்டாட்சிச் சட்டப்படி வேலை செய்ய அனுமதி உள்ளவராயிருந்தால் போதும் என்று மாற்றியது. கிரீன் கார்டு வைத்திருப்போருக்கு இது பெரிய திறப்பு. கூட்டாட்சி அமைப்புகளின் முகவர் பணிகளுக்குக் குடியுரிமை இன்றும் தேவை. எச்-4 விசாவில் வளரும் பிள்ளைக்கு 21 வயதில் அந்த நிலை முடிந்துவிடும் என்பதால், இத்துறையைத் தேர்ந்தெடுக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் குடும்பமாகச் சென்று பேசுவது அவசியம். இதைப் பட்டம் வாங்கும் ஆண்டில் செய்தால் காலம் கடந்திருக்கும்.

முன்பு ஒரு வழக்கில் தண்டனை பெற்றவர் இந்தப் படிப்பில் சேரலாமா?

சேரலாம். பெருங்குற்றத் தண்டனை காவல் அலுவலர் பணிக்குத் தடையாகும், படிப்புக்குத் தடையாகாது. சிறை சென்று திரும்பியவர்களுக்காகச் சமுதாயக் கல்லூரிகளில் ரைசிங் ஸ்காலர்ஸ் என்ற ஆதரவுத் திட்டம் இயங்குகிறது. கால் ஸ்டேட்டின் பல வளாகங்களில் பிராஜெக்ட் ரீபவுண்ட் உள்ளது. அதை 1967இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் தொடங்கிய ஜான் எர்வின், சிறைத் தண்டனை அனுபவித்துவிட்டுப் பின்னர் சமூகவியல் பேராசிரியரானவர். சிறையை உள்ளிருந்து அறிந்தவர்கள் ஒரு வகுப்பில் இருந்தால், அங்கே நடக்கும் விவாதத்தின் நேர்மை கூடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மறுவாழ்வுப் பணி, ஆராய்ச்சி, சட்ட உதவி ஆகிய இடங்களில் அவர்களுடைய தேவை மிகுதி.

பெர்க்லி, இர்வைன் போன்ற யுசி (கலிபோர்னியா பல்கலைக்கழக) வளாகங்களுக்குச் செல்ல முடியுமா?

முடியும், ஆனால் அங்கே இத்துறைப் பட்டம் அரிது. பெர்க்லியில் இருந்த குற்றவியல் பள்ளி 1976இல் மூடப்பட்டது. இர்வைனில் ‘கிரிமினாலஜி, லா அண்ட் சொசைட்டி’ என்ற பட்டம் உள்ளது. இர்வைன், சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு முன்கூட்டியே இடம் உறுதிசெய்யும் டேக் ஏற்பாட்டிலும் பங்கேற்கிறது. அதற்கான விண்ணப்பம் செப்டம்பர் மாதத்திற்குள் செலுத்தப்பட வேண்டும். ஏடிடியின் சட்டப்படியான உறுதி கால் ஸ்டேட்டுக்கு உரியது என்பதால் யுசிக்கான பாடத் தேவைகளைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே தொடங்கலாமா?

தொடங்கலாம். பள்ளி மாணவர்கள் சமுதாயக் கல்லூரி வகுப்புகளை இரட்டைப் பதிவு முறையில் எடுக்கலாம். பள்ளியும் கல்லூரியும் உடன்பாடு செய்துள்ள இடங்களில் கட்டணமே இல்லை. நீதி நிர்வாக அறிமுக வகுப்பை இப்படி எடுத்துப் பார்த்தால், துறை தனக்குப் பிடிக்குமா என்பது சேரும் முன்பே தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தரம் நிரந்தரமாகக் கல்லூரிப் பதிவேட்டில் நிற்கும் என்பதால் விளையாட்டாக எடுக்கக் கூடாது.

விண்ணப்பிக்கும்போது எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?

இலையுதிர் பருவச் சேர்க்கைக்கான கால் ஸ்டேட் விண்ணப்பம் முந்தைய ஆண்டு அக்டோபர் 1 அன்று திறக்கும். ஏறத்தாழ இரண்டு மாதம் திறந்திருக்கும். அதாவது இரண்டாம் ஆண்டின் முதல் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். அதற்கு முந்தைய கோடையில் உங்கள் கல்லூரியின் ஆலோசகரோடு அமர்ந்து, எழுத்து வடிவிலான கல்வித் திட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற அரசின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். நண்பர் சொன்னது, அண்ணன் காலத்தில் இருந்தது என்பவற்றை நம்ப வேண்டாம், விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

ஏடிடி மாணவராக விண்ணப்பித்தவர் அந்தப் பட்டம் பெறத் தகுதியுடையவர்தான் என்பதைக் கல்லூரி சரிபார்த்துப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்காகப் பட்டத்துக்கு விண்ணப்பிக்க உங்கள் கல்லூரி தனிக் கெடு வைத்திருக்கும். அதைத் தவறவிட்டால் பாடங்களை எல்லாம் முடித்திருந்தும் முன்னுரிமை கிடைக்காமல் போகலாம். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு கடைசிப் பருவத்தில் ஒரு பாடத்தைக் கைவிட நேர்ந்தால், கைவிடும் முன் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பருவம் முடிந்ததும், நீங்கள் படித்த எல்லாக் கல்லூரிகளிலிருந்தும், ஒரே ஒரு கோடை வகுப்பு எடுத்த கல்லூரி உட்பட, இறுதி மதிப்பெண் பட்டியலைக் கெடுவுக்குள் அனுப்பச் செய்யுங்கள்.